முழங்கால் மாற்று அறுவையில் வைக்கும் ‘சிமெண்ட்’: ஒட்டுகிறதா, அடைக்கிறதா?

கேள்வி இது: கீழக்கரையில் இருக்கும் உம்மாவுக்கு 64 வயது, சர்க்கரையும் உண்டு. வலது முழங்காலை மாற்ற வேண்டும், ‘சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவோம்’ என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது வீடு கட்டும் சிமெண்ட் மாதிரியா? உப்புக்காற்றுக்கு அரிக்குமா? எத்தனை வருடம் நிற்கும்? சிமெண்ட் இல்லாத மூட்டு மேலா? ‘ஆண்டிபயாடிக் சிமெண்ட்’ என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள், தேவையா? தரையில் உட்கார்ந்து தொழலாமா?

‘ஒட்டுவோம்’ என்ற சொல்லில்தான் பாதிக் குழப்பம். எலும்புச் சிமெண்டுக்குப் பசைத்தன்மை கிடையாது. மாவுப் பதத்தில் எலும்பின் துளைகளுக்குள் புகுந்து, அங்கேயே இறுகி, பல்லாயிரம் சிறு வேர்கள் விட்டதுபோல் கவ்விக்கொள்கிறது. வத்தைக்கு, அதாவது மரப்படகுக்கு, இடுக்கடைக்கும் கலப்பத்து வேலை பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பலகை இடுக்கில் பஞ்சு நிற்பது இறுகத் திணித்த திணிப்பினால்தான். இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் திணித்தால் எவ்வளவு நல்ல குங்கிலியம் பூசினாலும் தண்ணீர் கசியும். முழங்காலிலும் அதே கதைதான்.

பொருள் என்ன என்றால், பாலி மெத்தில் மெத்தாக்ரிலேட். சுருக்கமாக அக்ரிலிக். கழற்றி மாட்டும் பல்செட்டில் ஈறு நிறத்தில் இருக்கிறதே, அதே குடும்பம். பல் மருத்துவத்தில் இருந்த இந்தப் பொருளை 1958-இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டின் தண்டைத் தொடை எலும்பில் பொருத்த எடுத்தாண்டார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. இதை நம்பகமான முறையாக்கியவர் அவர்தான். வீட்டுச் சிமெண்டோடு இதற்குப் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. சுண்ணாம்பு இல்லை, தண்ணீர் ஊற்றிப் பதமாக்கும் வேலை இல்லை, ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கல்லாகிவிடும். அறுவை செய்த அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்க முடிவது இதனால்தான்.

தியேட்டருக்கு இது இரண்டு பொருளாக வருகிறது. ஒன்று, 40 கிராம் தூள். அதில் முன்பே பாலிமராக்கிய அக்ரிலிக் மணிகள், வினையைத் தொடங்கிவைக்கச் சிறிது பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காகப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பேரியம் சல்பேட் அல்லது ஜிர்கோனியம் டையாக்சைடு. மற்றது, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் 20 மில்லி திரவம். அது மெத்தில் மெத்தாக்ரிலேட் மோனோமர், அதாவது இன்னும் பாலிமராகக் கோக்காத மூலப்பொருள். வினையை முடுக்கிவிட டைமெத்தில் பாரா டொலுயிடின், குப்பிக்குள்ளேயே இறுகிவிடாமல் இருக்கத் துளி ஹைட்ரோகுயினோன். சில கம்பெனிச் சிமெண்ட் பச்சையாக இருக்கும். எலும்பிலிருந்து பிரித்துப் பார்க்க வசதிக்காகச் சேர்த்த நிறம் அது, வேறு ஒன்றுமில்லை.

பாம்பன், மண்டபம் பக்கம் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்களிடம் கேட்டால் இந்த வேதியியலைப் பாடப் புத்தகம் இல்லாமலே சொல்வார்கள். ரெசினில் பெராக்சைடு ஹார்டனர் ஊற்றிக் கலக்கியதும் கொஞ்ச நேரம் தண்ணியாக இருக்கும், பிறகு கூழ், பிறகு சூடேறிக் கட்டியாகும். விடியற்காலையில் கலக்கினால் நிதானமாகப் பூசலாம். உச்சி வெயிலில் கலக்கினால் டப்பாவிலேயே இறுகிப்போகும். எலும்புச் சிமெண்டும் இப்படித்தான். ஆகவே நல்ல சிமெண்ட் என்பது பாக்கெட்டில் அடைத்து வருவதில்லை, தியேட்டரில் அந்தப் பத்து நிமிடத்தில் உருவாவது. இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான், கம்பெனிப் பெயரை அல்ல.

அந்தப் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். திரவம் தூளைத் தொட்ட நொடியில் ஒரு செவிலியர் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். 21 முதல் 23 டிகிரி வரை உள்ள அறையில், சாதாரணப் பிசுபிசுப்புள்ள சிமெண்ட் என்றால், முதல் ஒரு நிமிடம் கலக்கல். அதன்பின் கையுறையில் நூல் நூலாக இழுபடும். இது தொடக் கூடாத நேரம். இரண்டரை, மூன்று நிமிடத்தில் மேற்பரப்பின் பளபளப்பு மங்கும், சுத்தமான கையுறையால் தொட்டால் ஒட்டாது. அங்கிருந்து ஆறேழு நிமிடம் வரைதான் வேலை செய்யும் நேரம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் இறுகிவிடும். மேஜையில் ஒரு மிச்ச உருண்டையை வைத்திருப்பார்கள். அது கைக்குச் சுடும், பிறகு எஃகுக் கிண்ணத்தில் தட்டினால் ‘டக்’கென்று ஓசை வரும். உடல் சூட்டில் உள்ளே இருப்பது மேஜையில் இருப்பதைவிடச் சற்று முந்தியே இறுகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அதிகப் பிசுபிசுப்புள்ள வகையில் ஒட்டும் கட்டம் குறுகலாக இருக்கும், ஒன்றரை நிமிடத்திலேயே கையில் எடுக்கலாம். எந்த வகையானாலும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலை, நேர வரைபடத்தைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

நம் கரையோர வெயில் இங்கேதான் குறுக்கே வருகிறது. பெரும்பாலான சிமெண்டை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி உறையிலேயே அச்சிட்டிருக்கும். மே மாதம் மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் டிக்கியில் வெந்து வந்த பெட்டியை நேரே தியேட்டருக்குள் கொண்டுபோய் உடைத்தால், வரைபடம் சொல்லும் நேரம் எதுவும் செல்லாது. குறைந்தது 24 மணி நேரமாவது தியேட்டர் குளிரிலேயே வைத்திருந்துதான் எடுக்க வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடி, ஏசி மட்டும் திரும்ப வராமல் அறை 28 டிகிரியைத் தொட்டிருந்தால், வேலை நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம் காணாமல் போயிருக்கும். ஃபிரிட்ஜில் வைத்த சிமெண்டில் இதற்கு நேர்மாறு: எல்லாக் கட்டமும் நீளும். அது தவறில்லை, தெரிந்து செய்தால். ஃபிரிட்ஜில் வைத்ததை மறந்து, வழக்கமான நேரத்தில் இறுகிவிட்டதென்று காலை மடக்குவதுதான் தவறு.

கலக்கலிலும் விஷயம் உண்டு. கிண்ணத்தில் போட்டு முட்டை அடிப்பதுபோல் அடித்தால் காற்றுக் குமிழ்கள் சிக்கும். ஒவ்வொரு குமிழும் பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். வெற்றிடக் கலவைக் கருவியில் கலக்கினால் குமிழ் குறையும், மோனோமர் வாடையும் அறையில் பரவாது. தூள் முதலா திரவம் முதலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாதிப் பாக்கெட், பாதிக் குப்பி என்று பிரித்துக் கலக்கவே கூடாது, விகிதம் கெட்டால் வலுவும் கெடும், நேரமும் கெடும். மோனோமர் ரப்பர் கையுறையை ஊடுருவக்கூடியது என்பதால், கலக்கியவர் மேல்கையுறையை மாற்றிக்கொள்வது நல்லது. அது எளிதில் தீப்பற்றும் திரவமும்கூட.

இனி எலும்பு. தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களில் முருகைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே எத்தனை துளை! முழங்காலில் வெட்டிய எலும்பின் முகமும் அப்படித்தான் இருக்கும், பஞ்செலும்பு என்பார்கள். அந்தத் துளைகளில் ரத்தமும் மஜ்ஜைக் கொழுப்பும் நிறைந்திருக்கும். துடிப்பு நீர்ப்பாய்ச்சும் கருவியால் கழுவி, உறிஞ்சி, பேடால் ஒற்றி உலர்த்தினால்தான் சிமெண்ட் உள்ளே போகும். கீழ்க்கால் எலும்பில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ஊடுருவல் போதும், அதுவே நல்ல பிடி. குறைந்தால் மேலோட்டமாக நிற்கும். ரொம்ப ஆழமாகப் போனால் எலும்புக்குச் சூடு அதிகம், பின்னாளில் எடுக்க வேண்டி வந்தால் எலும்பும் கூடவே பெயரும். பல வருடம் கால் வளைந்து ஒரே பக்கமாகப் பாரம் ஏறியவர்களுக்கு, உள்பக்க எலும்பு தேய்ந்து தந்தம்போல் பளபளவென்று இறுகியிருக்கும். அங்கே துளையே இருக்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் பல இடங்களில் துளையிட்டுத்தான் பிடி உண்டாக்க வேண்டும்.

சிமெண்டை எலும்பில் மட்டும் பூசாமல் கீழ்க்கால் எலும்பின்மேல் வைக்கும் உலோகத் தட்டின் அடியிலும் சீக்கிரமே பூசிவிடுவது நல்ல பழக்கம். ஏனென்றால் தட்டில் கொழுப்பு பட்டபின் சிமெண்ட் அதில் பிடிக்காது. சிமெண்ட் எலும்பிலேயே நிற்க, தட்டு மட்டும் கழன்று வரும் தோல்விகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். வழக்கமாக முதலில் கீழ்க்கால் தட்டு, பிறகு தொடை எலும்பின் உறுப்பு, வைப்பதானால் கடைசியில் முட்டிச் சில்லு. பிதுங்கி வரும் சிமெண்டை மென்மையாக இருக்கும்போதே வழித்தெடுக்க வேண்டும், குறிப்பாக மூட்டின் பின்பக்கம். அங்கே தங்கிய துணுக்கு உடைந்து மூட்டுக்குள் வந்தால், உலோக உறுப்புகளுக்கு நடுவே இருக்கும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) தட்டை மணல் உரசுவதுபோல் உரசித் தேய்க்கும். எல்லாம் வைத்தபின் காலை நீட்டி, அசையாமல், இறுகும் வரை பிடிக்க வேண்டும். இறுகும் நேரத்தில் ‘எவ்வளவு மடங்குகிறது பார்ப்போம்’ என்று மடக்கிப் பார்த்தாலோ, குதிகாலைத் தூக்கி மிதமிஞ்சி நிமிர்த்தினாலோ, தட்டின் ஒரு ஓரம் மயிரிழை தூக்கிவிடும். அன்று எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது.

சூடு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஆய்வகத்தில் பரிசோதிக்கும்போது 70, 80 டிகிரி காட்டும் என்பது உண்மைதான். மூட்டுக்குள் இருப்பது மெல்லிய படலம். உலோகமும் ரத்த ஓட்டமும் சூட்டை வாங்கிக்கொள்வதால் எலும்பின் ஓரத்தில் சுமார் 40 முதல் 55 டிகிரி வரைதான் போகும், அதுவும் சில நிமிடம்.

வலு என்று பார்த்தால், அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையையும் வெட்டு விசையையும் அவ்வளவாகத் தாங்காது. சர்வதேசத் தரப்படி அழுத்த வலு குறைந்தது 70 மெகாபாஸ்கல், வளைவு வலு 50. முழங்காலில் விழும் சுமை பெரும்பாலும் அழுத்தம்தான் என்பதால் முழங்காலுக்கு இது பொருத்தமான பொருள்.

சிமெண்ட் வைக்கும் நேரத்தில் ‘பிரஷர் இறங்கும்’ என்று யாராவது பயமுறுத்தியிருக்கலாம். அப்படி ஒரு சிக்கல் உண்டு, மறைப்பதற்கில்லை. தொடை எலும்பின் குழாய்க்குள் சிமெண்டை அழுத்தித் திணிக்கும்போது, உள்ளிருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜனையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ முதல் நிலை. 88-க்குக் கீழே, அல்லது 40 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டாம் நிலை. இதயம் நின்றுபோய் உயிர்மீட்புச் சிகிச்சை தேவைப்பட்டால் மூன்றாம் நிலை. இது அதிகம் வருவது விழுந்து இடுப்பு முறிந்த, இதய நோயுள்ள மிக முதியவர்களுக்கு. முழங்காலில் குழாயைத் திணிக்கும் வேலை குறைவு என்பதால் அபாயமும் மிகக் குறைவு. ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் கட்டுப்பட்டையைத் தளர்த்தும் நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். அறுவை மருத்துவர் ‘சிமெண்ட் வைக்கப் போகிறேன்’ என்று உரக்கச் சொல்வதும், மயக்க மருத்துவர் ஆக்சிஜனைக் கூட்டி, அழுத்தம் ஏற்றும் மருந்தைக் கையில் வைத்துக்கொள்வதும் நல்ல தியேட்டரின் அடையாளம்.

ஆண்டிபயாடிக் சிமெண்ட் விஷயத்துக்கு வருவோம். பாக்கெட்டுக்கு அரை கிராம் அல்லது ஒரு கிராம் ஜென்டாமைசின் தொழிற்சாலையிலேயே கலந்து வரும். இறுகும் சூட்டில் கெடாத மருந்து என்பதால் அது. 1970 வாக்கில் ஹாம்பர்க்கின் புக்ஹோல்ஸ் தொடங்கி வைத்த முறை. முதல் சில மணி நேரமும் சில நாளும் மருந்து நன்றாகக் கசியும், பிறகு சொட்டுச் சொட்டாகத்தான். முதல் முறை முழங்கால் மாற்றும் எல்லோருக்கும் இதனால் லாபம் என்பதற்குச் சான்று கலவையாக உள்ளது. சர்க்கரை, முடக்குவாதம், முன்பு கிருமி பிடித்த மூட்டு, இரண்டாம் முறை அறுவை என்றால் வைப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் உம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், கேட்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பில்லில் எத்தனை பாக்கெட் என்று மட்டும் பாருங்கள்: ஒரு முழங்காலுக்கு ஒன்றோ இரண்டோதான் வழக்கம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் செய்வதானால், சிமெண்ட் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். ஜென்டாமைசின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, அந்தச் சிமெண்டை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. அறுவைக்கு முன் மூன்று மாதச் சர்க்கரை அளவை (HbA1c) 7.5, 8 சதவீதத்துக்குள் கொண்டுவருவதும், தோலைக் கீறுவதற்கு முன் ஊசியில் ஏற்றும் ஆண்டிபயாடிக்கும் இதைவிடப் பெரிய காப்பு. காலில் ஆறாத கீறல், விரலிடுக்குச் சேற்றுப்புண், சொத்தைப் பல் எது இருந்தாலும் முதலில் அதை ஆற்றுங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பாரிலும் (கடலடிப் பாறையிலும்) சிப்பியிலும் கால் கிழிவது வாடிக்கை. அந்தப் புண்ணோடு யாரும் மேஜையில் ஏறக் கூடாது. மூட்டில் கிருமி புகுந்துவிட்டால் உறுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு, மூன்று நான்கு கிராமோ அதற்கு மேலோ மருந்து கலந்த சிமெண்ட் கட்டையைத் தற்காலிகமாக வைத்து, பல வாரம் கழித்து மறுபடி மூட்டு வைக்க வேண்டியிருக்கும். அவ்வளவு மருந்து கலந்தால் சிமெண்டின் வலு குறையும் என்பதால்தான் அது தற்காலிகம்.

சிமெண்ட் இல்லாத மூட்டு? உலோகத்தின் மேல் துளைத்துளையான பூச்சு, அதில் எலும்பே வளர்ந்து பிடிக்கும். இளவயது, உறுதியான எலும்பு என்றால் நல்ல தேர்வு, விலை கூடுதல். 64 வயதில், மாதவிடாய் நின்று எலும்பு மென்மையான பெண்ணுக்கு முழங்காலில் சிமெண்டே என் தேர்வு. உலகம் முழுவதும் முழங்காலில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். இடுப்பு முறிந்து பாதி மூட்டு வைக்கும் முதியவர்களிடமும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 1225 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்ததில், சிமெண்ட் வைத்தவர்களுக்கு வாழ்க்கைத் தரம் சற்று மேலாகவும், வைத்த தண்டைச் சுற்றி எலும்பு முறிவது குறைவாகவும் இருந்தது.

உப்புக்காற்று உள்ளே போகாது, கவலை வேண்டாம். அப்படிப் பார்த்தால் நம் ரத்தமே உப்புத் தண்ணீர்தான். கடல் நீரில் சுமார் மூன்றரை சதவீதம், உடலில் ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அக்ரிலிக் கரையாது, மூட்டின் உலோகமான கோபால்ட் குரோமியம் துருப்பிடிக்காது.

ஆயுள்: 2019-இல் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் நின்றன. சிமெண்ட் பழசாகி ஒரு நாள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தேய்ந்த பாலிஎத்திலீன் தூளுக்கு உடல் காட்டும் எதிர்வினையில் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு, பிடி தளரும். அப்போது முதலில் வரும் குறி, உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி வலித்து, நடக்க நடக்கக் குறைவது. எக்ஸ்ரேயில் சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் பரவாயில்லை. இரண்டைத் தாண்டி அகன்றுகொண்டே போனால் பார்க்க வேண்டும். இதை ஒப்பிடப் பழைய படம் வேண்டுமே, ஆகவே அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் தாளில் மூட்டுக்கும் சிமெண்டுக்கும் உரிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, அதில் தயாரிப்புத் தொகுதி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொழுகைக்கு நாற்காலியே நல்லது. தரையில் உட்கார்ந்ததும் சிமெண்ட் உடைந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. காலை முழுக்க மடக்கி அமரும்போது தொடை எலும்பின் உறுப்பு பின்பக்கமாக நெம்பப்படும், பாலிஎத்திலீன் ஓரத்தில் சுமை குவியும். எப்போதாவது தவிர்க்க முடியாமல் உட்காருவதற்கும் நாளைக்கு ஐந்து வேளை உட்காருவதற்கும் வித்தியாசம் உண்டு. கழிவறை மட்டும் மேற்கத்திய வகையாக இருக்கட்டும், அதில் சமரசம் வேண்டாம்.

உம்ராவுக்கோ வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளிடமோ போகும்போது விமான நிலையச் சோதனையில் மணி அடிக்கும். அடிப்பது உலோகத்துக்கு, சிமெண்ட் பிளாஸ்டிக் என்பதால் சத்தமே காட்டாது. ‘முழங்கால் மாற்றியிருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.